பழைய வீட்டு வண்டியும் அதன் மின்னாக்கியும்

டில்லியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் பழைய மோட்டார் வண்டியை ஓட்டியவர்களுக்கு ஓர் அநுபவம் மறக்காது. நாற்புறமும் மூடுபனி சூழ்ந்திருக்கும். பத்தடி தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முன்விளக்கும் பின்விளக்கும் கண்ணாடி துடைப்பானும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். வண்டியோ மாட்டு வண்டியின் வேகத்தில் ஊர வேண்டும். இரண்டு மணி நேரம் இப்படிச் சென்றால் விளக்கொளி மஞ்சளாகி, பிறகு சிவந்து, மங்கத் தொடங்கும். பாட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, மறுநாளே புதியதொன்றை வாங்கிப் பொருத்துவோம். அடுத்த மூடுபனியில் அதுவும் மங்கும்.

குற்றம் பாட்டரியினுடையதன்று. பாட்டரி என்பது நெற்குதிர் போன்றது. அது விளைவிப்பதில்லை, விளைந்ததைச் சேமித்துத் தருகிறது. வண்டியில் மின்சாரத்தை விளைவிப்பது யந்திரத்தின் பக்கத்தில் பெல்ட்டினால் சுழலும் மின்னாக்கி. முற்காலத்து வண்டிகளில் அது டைனமோ. பிற்காலத்து வண்டிகளில் ஆல்டர்னேட்டர். அலுவலகத்தில் கலைச்சொல் தேடிப் பழகிய நமக்கு 'மாறுமின்னாக்கி' என்று எழுதக் கை துறுதுறுக்கிறது; ஆனால் அச்சொல்லைச் சொல்லிக் காஷ்மீரி கேட்டில் ஒரு திருகாணிகூட வாங்க முடியாதாகையால், கடைக்காரர் சொல்லையே இங்கு வழங்குகிறோம்.

சாதாரணக் காருக்கே இந்நிலை என்றால், உறங்கவும் சமைக்கவும் வசதி செய்த வீட்டு வண்டிக்கு மின்னாக்கி எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தரும் வேலையை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் தொடங்கியது. அத்தகைய வேன்களில் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாக டில்லிக்கு வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்தபின் அவ்வழி அடைபட்டது. அந்தப் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனில் ஒரு விசித்திரம் உண்டு. யந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் விளக்கும் போகும். சிறிது நேரத்தில் யந்திரமும் கருகும். பாலைவனத்தைக் கடந்தவர்கள் உபரிப் பெல்ட் இல்லாமல் புறப்பட்டிருக்க மாட்டார்கள்.

நாம் இங்கு விரித்துச் சொல்ல எண்ணுவது அயல் நாட்டு வண்டியைப் பற்றியன்று. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த நம் நண்பர் ஒருவர் டில்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 'ஸ்டாண்டர்ட் 20' என்னும் வேன் ஒன்று இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் தயாரித்தது. இங்கிலாந்தின் 'ஸ்டாண்டர்ட் அட்லஸ்' வேனின் வழி வந்தது. நண்பரின் வண்டி 1972இல், ஆட்களை ஏற்றும் சொந்த வண்டியாகப் பதிவானது. பிற்பாடு அதை விலைக்கு வாங்கிய அவர், உடலை வெட்டாமல், கழற்றி மாட்டக்கூடிய மரக்கட்டில் ஒன்றையும் அடுப்புப் பலகை ஒன்றையும் உள்ளே அமைத்தார். 1989 கோடை விடுமுறையில் மனைவி மக்களுடன் அவ்வண்டியிலேயே நாகபுரி, ஹைதராபாத் வழியாகத் தஞ்சைக்குப் போய்த் திரும்பினார். போகவர ஐயாயிரம் கிலோமீட்டர். இரவில் அவர்களுக்கு இருந்த வெளிச்சம் அடுப்புப் பலகைக்கு மேலே ஒரே ஒரு சிறு விளக்கு. அதையும் அந்த அம்மாள் சோறு வடித்தவுடன் அணைத்துவிடுவாராம்.

பிறகு வண்டி நின்றுவிட்டது. டில்லிப் பிரதேசத்தில் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை வலியுறுத்திற்று. டில்லிக் காற்றை மூச்சிழுத்து வாழும் நாம் அதைக் குறை கூறுவதற்கில்லை. வேன் தார்ப்பாய்க்குள் போயிற்று. மின்னாக்கியும் உள்ளேயே துருவேறிக் கிடந்தது.

சென்ற ஆண்டு நண்பருக்கு மறுபடியும் ஆசை கிளர்ந்தது. வண்டியைச் செப்பனிட வேண்டும்; ஆல்டர்னேட்டர் பொருத்த வேண்டும்; இன்னொரு முறை ஊருக்கு அதிலேயே போக வேண்டும். இந்த இடத்தில்தான் அவரும், அவரோடு கூடித் திரிந்த நாமும் ஒரு தவறு செய்தோம். வண்டி எதற்காக என்பதை முடிவு செய்யாமல், எந்த மின்னாக்கி என்பதை முடிவு செய்துவிட்டோம்.

ஆல்டர்னேட்டர் மீது ஆசை எழுந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வேனில் இருந்தது லூகாஸ் வகை 'சி40' டைனமோ. அதன் உச்ச அளவு 22 ஆம்பியர். இரவில் ஓட்டும்போது முன்விளக்கு இரண்டும் 8 ஆம்பியர் தின்னும். தீப்பொறிச் சுருள் 4. பின்விளக்கு, துடைப்பான் முதலியவை சுமார் 5. ஆக 17 போக மிஞ்சுவது 5. இக்கால வீட்டு வண்டியில் சிறு விசிறி 2 ஆம்பியர், விளக்குகள் 1, சிறு குளிர்பெட்டி 5 என்று எட்டு ஆம்பியர் கேட்கும். வரவு ஐந்து, செலவு எட்டு, குடும்பம் நடக்காது. அந்த 22 ஆம்பியரும் யந்திரம் விரைந்து ஓடினால்தான். நின்று உறுமும்போது டைனமோ அநேகமாக ஒன்றுமே தருவதில்லை. மூடுபனியில் விளக்கு மங்குவதன் இரகசியம் இதுவே.

ஏன் தருவதில்லை? காந்தப் புலத்துக்கிடையே கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்பது ஃபாரடே 1831இல் கண்ட உண்மை. டைனமோவில் காந்தச் சுருள் நிலையாக இருக்கும். மின்சாரம் பிறக்கும் ஆர்மேச்சர் நடுவே சுழலும். பிறந்த மின்சாரம் முழுவதும் சுழலும் செப்புத் துண்டுகளிலிருந்து கரித்துண்டுகளின் வழியாக வெளியே வர வேண்டும். மிக விரைவாகச் சுழற்றினால் தீப்பொறி பறக்கும். சுருள்கள் காடிகளிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளிப்படும். ஆகவே உச்ச வேகத்துக்கு ஏற்பக் கப்பியைப் பெரிதாக அமைக்கிறார்கள். அதன் விளைவாகத் தாழ்ந்த வேகத்தில் அது சோம்பிவிடுகிறது.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கிய யந்திரம். காந்தம் சுழலும், மின்சாரம் பிறக்கும் சுருள் வெளியே அசையாமல் இருக்கும். கரித்துண்டுகளின் வழியாகக் காந்தத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று ஆம்பியர் மட்டும் போனால் போதும். ஆகவே சிறு கப்பி வைத்து வேகமாகச் சுழற்றலாம். யந்திரம் நின்று உறுமும்போதே கணிசமாகத் தரும். ஆனால் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பாட்டரிக்கு அது உதவாது. அதை ஒரு திசைப்படுத்தச் சிலிக்கான் டயோடுகள் வேண்டும். மலிவான டயோடு வரும்வரை சிறு வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர் எட்டாக்கனியாகவே இருந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் 1960ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் அதைப் பொருத்தினர். நம் நாட்டில் சென்னையை அடுத்த பாடியில் 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தோன்றியது. இன்றும் வட நாட்டு வண்டிகளின் மின்சாதனத் தகட்டில் 'பாடி' என்ற ஊர்ப் பெயரைக் காணும்போது, முன்பின் அறியாத ஊரில் சொந்தக்காரர் எதிர்ப்பட்டதுபோல் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கினோம். கடை ஒன்றில் கொடுத்துப் பொருத்தச் சொன்னோம். கடைப் பையன் அரைமணி நேரத்தில் முடித்தான். பாட்டரிக் கம்பியை முறுக்கிய அதே கணத்தில் உள்ளிருந்து ஒரு நாற்றம் எழுந்தது. அவ்வளவுதான், டயோடுகள் எரிந்துபோயின.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ் முறையில் அமைந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைத்திருப்பார்கள். நண்பரின் வேனும் அவ்வாறே. ஆல்டர்னேட்டர்களோ பெரும்பாலும் எதிர்முனை உடலோடு இணைவதற்கென்று செய்தவை. டயோடு என்பது ஒருபக்கமே திறக்கும் கதவு. பாட்டரியைத் தலைகீழாக இணைத்தால் கதவு திறந்தபடியே நின்று, பாட்டரியின் முழு வேகமும் அதன் வழியே பாயும். கடைப் பையனைக் குறை கூறிப் பயனில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே நேர்முனை வண்டிகள் மறைந்துவிட்டன. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தோம். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த, வாணிபத்தில் ஈடுபடாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். அடிச்சட்டம், உடல், யந்திரம் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றாமல் மூல வடிவில் வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அவ்வண்டி அன்றாடச் சாலைப் போக்குவரத்துக்கு அன்று. கண்காட்சி, தொன்மை வண்டிகளின் ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் நிரப்புதல், பழுதுபார்த்தல் இவற்றுக்காக மட்டுமே வெளியே எடுக்கலாம். டில்லியில் 1964இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையார் தொடங்கிய பழைய கார் ஊர்வலம் போன்றவற்றில் கலந்துகொள்ளலாம். தஞ்சைக்குக் குடும்பத்தோடு போக முடியாது. போக வேண்டுமானால் இசைவுச் சான்று பெற்று வண்டியை வேறு மாநிலப் பதிவுக்கு மாற்றி, அங்கே தகுதிச் சான்று வாங்கி ஓட்ட வேண்டும். நண்பர் இரண்டையும் மாறி மாறி எண்ணி ஒரு மாதம் உறக்கமின்றி இருந்தார்.

முடிவு கட்டியவர் அவருடைய மனைவியே. "ஊருக்கு ரயிலிலே போவோம். உங்களுக்கும் எனக்கும் இனி அவ்வளவு தூரம் உட்கார முடியாது. வண்டி மட்டும் அப்போது இருந்தபடியே இருக்கட்டும்" என்றார். எனவே டைனமோவே திரும்பவும் வேண்டியதாயிற்று.

நெடுந்தூரம் ஓட்டும் எண்ணமுள்ளவர்கள் நண்பரின் முடிவைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆல்டர்னேட்டரே தக்கது; ஆனால் வரிசை தவறாமல் செய்ய வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பை மாற்றி, எதிர்முனையை உடலோடு சேர்க்க வேண்டும். ஆம்பியர்மானியின் கம்பிகளையும் தீப்பொறிச் சுருளின் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை மின்வழியிலிருந்து நீக்கிவிட வேண்டும். அழகுக்காக அது இருந்த இடத்தில் இருக்கலாம். 22 ஆம்பியருக்கென்று போட்ட கம்பி 45 ஆம்பியரைத் தாங்காது. பருத்த கம்பி போடாவிட்டால் தீப்பிடிக்கும். கப்பிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வீட்டுப் பயனுக்குத் தனியாக இரண்டாவது பாட்டரி வைத்து, யந்திரம் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கும் ரிலே ஒன்றை இடையில் அமைத்தால், இரவெல்லாம் விசிறி ஓடினாலும் காலையில் வண்டி கிளம்பும். யந்திரம் ஓடும்போது பாட்டரிக் கம்பியை ஒருபோதும் கழற்றலாகாது. பழைய மெக்கானிக்குகள் டைனமோவை அப்படித்தான் சோதிப்பார்கள். ஆல்டர்னேட்டரில் அப்பழக்கம் டயோடுகளைக் கொன்றுவிடும்.

பொருத்தியிருக்கும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்றாலும் உடனே மாற்றப் புறப்பட வேண்டாம். நிற்கும் வண்டியில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். யந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லையானால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. அடுத்தது முன்பலகையில் உள்ள சிவப்பு விளக்கு. பல ஆல்டர்னேட்டர்களில் தொடக்கக் காந்தத்துக்கு வேண்டிய மின்சாரம் அச்சிறு பல்பின் வழியாகவே செல்கிறது. பல்பு எரிந்துபோனால் காந்தம் எழாது. ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருந்தும் ஊமையாகிவிடும். ஜனக்புரியில் உள்ள இன்னொரு நண்பர் தம் அம்பாஸிடருக்கு இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார். இவை சரியாயிருந்தால் கரித்துண்டு, பிறகு சுழலும் சுருள். அதன் தடை சுமார் 4 ஓம் இருக்க வேண்டும். கடைசியாகத்தான் டயோடு. பெயின்ட் அடித்துப் 'புதுப்பித்தது' என்று விற்கும் பண்டத்தில் பெயின்ட் ஒன்றே புதிது என்பதும் சிலசமயம் உண்டு.

இனி நம் டைனமோவின் கதை. பழைய டில்லியில் பாகீரத் பேலஸ் பக்கம் செப்புக் கம்பியும், காஷ்மீரி கேட்டில் பழைய உதிரிப் பாகங்களும் கிடைத்தன. காயில் கட்டும் உஸ்தாத் ஒருவரைக் கரோல்பாக்கின் சந்தொன்றில் கண்டோம். எழுபது வயதுப் பெரியவர். வண்டியைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், எந்த முனை உடலில் சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்ததே. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டைனமோவை வண்டியிலிருந்து கழற்றாமலே அவர் சோதித்தார். 'டி' என்றும் 'எஃப்' என்றும் குறித்த இரண்டு கம்பிகளையும் எடுத்துவிட்டு, அம்முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் பிணைத்து, வோல்ட்மானியை இணைத்தார். வேறொரு பாட்டரியின் துணையால் யந்திரத்தைக் கிளப்பி மெல்ல ஓட்டினார். நல்ல டைனமோ இந்நிலையில் 20 வோல்ட்டுக்கு எளிதில் ஏறும். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் காந்தச் சுருளில் பழுது. நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில் பழுது. முள் நாலரையில் நின்றது.

ஆர்மேச்சரை வெளியே எடுத்து 'குரோலர்' என்னும் கருவியின் மேல் வைத்து, ஓர் இரும்பறுக்கும் வாளின் தகட்டை ஒவ்வொரு காடியின் மேலும் பிடித்துக்கொண்டே திருப்பினார். இரண்டு இடங்களில் தகடு நடுநடுங்கி உறுமிற்று. அங்கே சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்பது பொருள். உறுமுவதால் அக்கருவிக்கு அப்பெயராம். நம் ஊர் உறுமி மேளத்தின் நினைவு வந்தது. உஸ்தாதிடம் சொன்னோம், அவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, கம்பியின் பருமனை அளந்து, எண்ணெய் படிந்த நோட்டில் குறித்துக்கொண்டார். காடிகளில் புதிய காப்புத்தாள் வைத்து, எனாமல் பூசிய செப்புக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றினார். ஒரு சுற்றுக் குறைந்தாலும் கூடினாலும் ஆர்மேச்சர் சமநிலை கெட்டு அதிரும் என்றார். சுற்றி முடித்த ஆர்மேச்சரை வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர்த்தினார். செப்புத் துண்டுகளைக் கடைசலில் சமன் செய்து, அவற்றுக்கிடையே உள்ள மைக்காவைத் தேய்த்த வாள் தகட்டினால் சற்றே தாழ்த்தினார். மைக்கா மேலே நின்றால் கரித்துண்டு துள்ளித் தீப்பொறி பறக்குமாம். மெருகிடக் கண்ணாடித் தாள் தவிர எமரித் தாளைத் தொடவே இல்லை. எமரிப் பொடி செம்பில் புதைந்துகொண்டு கரியை அரித்துவிடும். காந்தச் சுருளை அளந்தார். 6 ஓம், குற்றமில்லை. பின்முனையில் உள்ள நுண்துளை வெண்கலப் புஷ் ஒன்று மட்டும் நம்மை ஒரு நாள் காக்க வைத்தது. அதைப் பொருத்துமுன் ஒரு பகலும் ஓர் இரவும் யந்திர எண்ணெயில் ஊறப்போட வேண்டும். அவசரக்காரர்கள் அப்படியே தட்டி ஏற்றிவிடுவதால்தான் புதுப்பித்த டைனமோக்கள் ஆறு மாதத்தில் கீச்சிடுகின்றன என்பது அவருடைய கட்சி.

ஆறு நாள் ஆயிற்று. செலவு, எரிந்துபோன ஆல்டர்னேட்டரின் விலையில் பாதிகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் டைனமோவை ஏற்றினார். பெல்ட்டை மாட்டுமுன் 'எஃப்' முனையைப் பாட்டரியின் உயிர்க்கம்பியோடு ஒரு கணம் தொட்டு எடுத்தார். நெடுநாள் உறங்கிய இரும்பில் காந்தத்தின் எச்சம் சரியான திசையில் படிய வேண்டும். இல்லையேல் மின்சாரம் தலைகீழாகப் பிறக்கும். யந்திரம் கிளம்பிற்று. ஆம்பியர்மானியின் முள் முதலில் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. நண்பர் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்ததும் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வந்தது.

அம்மாள் உள்ளே ஏறி அடுப்புப் பலகைக்கு மேலிருந்த சிறு விளக்கைப் போட்டார். நண்பர் காலை அழுத்தியபோது அது பிரகாசித்தது, எடுத்தபோது மங்கிற்று. "அப்போதும் இப்படித்தான் எரியும்" என்று சொல்லி, அதை அணைக்காமலே இறங்கி வந்தார்.